விளக்கெண்ணெய் குடித்த கார்

வேம்பார் சாலையில் கரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில் என் முகத்தின் உண்மையான நிறம் என்னவென்று எனக்கே மறந்துபோயிருந்தது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதால் பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் அடுப்பைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி, அந்தப் புகையைக் கொண்டு என்ஜினை ஓட்டினோம். யுத்தம் முடிந்த பிறகும் எங்கள் முதுகிலிருந்து அடுப்பு இறங்கவில்லை. அதை ஊதி ஊதிப் பற்றவைத்த முகத்தோடு ஆத்தூரில் எங்கள் வீட்டுக்குப் போனால் என் அம்மாவே வாசலில் வைத்து, "யாரு வேணும்?" என்று கேட்பாள்.

அந்த பஸ்ஸில் ஒரு நாள் காயல்பட்டினத்துச் சங்கு வியாபாரி ஒருவர் ஏறினார். தூத்துக்குடியில் கடலோரமாக, சங்கைக் குவித்துவைக்க அவருக்கு ஒரு கிட்டங்கி இருந்தது. இறங்கும்போது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கரியப் போட்டே வண்டிய ஊர் கொண்டு சேக்குறியே தம்பி. பெட்ரோலக் குடுத்தா பறந்துருவ போலிருக்கே. எங்கிட்ட வாறியா?"

அவர் போட்ட கணக்கு எந்த வகையில் சரி என்று நான் யோசிக்கவில்லை. முகம் கழுவினால் கழுவியபடியே இருக்கும் ஒரு வேலை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. கிட்டங்கி வாசலில் நின்ற காரைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் அதிர்ச்சி. பஞ்சாலை ஒன்றில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர், சுதந்திரம் வந்ததும் ஊருக்குக் கப்பலேறுவதற்கு முன் விற்றுவிட்டுப் போகிற கார் அது. மேலே கூரை கிடையாது. உட்கார இரண்டே இடம். முன்பக்கம் மட்டும் ஒரு தோணி நீளத்துக்கு இருந்தது; அந்த மூடியைத் தோல் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பது வெளியே பாய்ந்துவிடுமோ என்று பயந்து கட்டியது மாதிரி இருந்தது.

"பந்தயக் காரு," என்றார் முதலாளி, மெல்ல. கிட்டங்கிக்குள் யாரோ தூங்குகிறார்கள் என்பது போன்ற குரலில்.

மெல்லச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவருக்கு ஓர் அண்ணன், கொழும்பில் கடை வைத்திருந்தார். காயல்பட்டினத்து வழக்கப்படி முதலாளி அவரைக் 'காக்கா' என்றுதான் சொல்வார். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவர் குரல் பள்ளிக்கூடத்துப் பையன் குரலாகிவிடும். காக்காவிடம் கேட்காமல் கார் வாங்கிவிட்டார். காக்கா அடுத்த மாதம் கப்பலில் வருகிறார்.

"துறைமுகத்துலருந்து ஊருக்கு இந்தக் கார்லதான் அவுகளக் கூட்டிட்டுப் போவணும். அவுகளுக்குப் பிடிச்சுதுன்னா காரும் இருக்கும், நீயும் இருப்ப. பிடிக்கலேன்னா..."

"பிடிக்கலேன்னா மொதலாளி?"

"கார வித்துருவாக. நீ கரி பஸ்ஸுக்குப் போயிரலாம்."

அன்று முதல் எனக்கு வேறு கவலையே இல்லை.

வெள்ளைக்காரர் காரை ஒப்படைத்த அன்று பானெட்டைத் திறந்துவைத்து, பாதித் தமிழும் பாதிக் கையசைப்புமாக எல்லாம் விளக்கினார். இந்த என்ஜின் மற்ற என்ஜின்களைப் போலச் சுற்றாது, இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அந்தச் சூட்டில் சாதாரண ஆயில் தண்ணீராகிவிடும். அதனால் விளக்கெண்ணெயில் செய்த பந்தய ஆயில்தான் இதுவரை ஊற்றிவந்திருக்கிறார். அது எவ்வளவு சூடானாலும் இரும்பை விட்டு நகராது. ஆனால் அதிலும் ஒரு குறை: கிடப்பில் விட்டால் பிசினாகிவிடும். மற்றவர்கள் ஆயிரம் மைலுக்கு ஒரு தரம் மாற்றினால் இதில் பாதித் தூரத்திலேயே மாற்ற வேண்டும். காரை விரட்டி ஓட்டியிருந்தால் அதற்கும் முன்னாலேயே. கடைசியாக ஒன்று சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் விரலை உயர்த்தினார். விளக்கெண்ணெய் ஆயிலும் மண்ணுக்கடியில் எடுக்கிற ஆயிலும் ஒன்றோடொன்று சேராது. எப்போதாவது அதற்கு மாறினால் என்ஜின் சூடாக இருக்கும்போதே பழையதைச் சொட்டு விடாமல் வடித்து, ஆயில் தேங்குகிற அடிச்சட்டியைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, அதன் பிறகுதான் புதியதை ஊற்ற வேண்டும்.

இருவரும் தலையாட்டினோம். எனக்கு எல்லாம் புரிந்தது. முதலாளிக்கும் எல்லாம் புரிந்தது. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, பாவம் இவர்களுக்கு வெள்ளைக்காரர் சொன்னது விளங்கவில்லை போலும் என்று யாரும் இரக்கப்பட வேண்டாம்.

காரை முதன்முதலாகத் தெருவில் ஓட்டியபோது இரண்டாவது அதிர்ச்சி. பிள்ளைகள் காரின் பின்னால் ஓடிவருவார்கள் என்று பார்த்தால், காருக்கு முன்னால் தலைதெறிக்க ஓடினார்கள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு பார்த்தால், பின்னால் வருகிற புகையெல்லாம் விளக்கெண்ணெய் வாசனை! ஊரில் எந்தப் பிள்ளைக்கு அந்த வாசனை தெரியாது? வயிறு கழுவுவதற்காக மாதம் ஒரு தரம் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுகிறார்களே, அதே வாசனை. பேதிக்குக் கொடுக்க யாரோ வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று ஊரே நினைத்துவிட்டது.

முதலாளிக்கு அது பெரிய கலக்கமாகப் போயிற்று.

"காக்கா இதுல உக்காந்து இத மோந்துக்கிட்டே ஊர் வரைக்கும் வரணுமா? ஊர் எல்லையிலயே வயித்தப் புடிச்சிக்கிட்டு எறங்கிருவாக. ஆயில மாத்து."

அதற்காக நாங்கள் மோட்டார் சாமான் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி காரை ஒரு தரம் சுற்றி வந்தார். கழுத்தைச் சாய்த்து அடியில் பார்த்தார். அதன் பிறகு முதலாளியிடம் பேசாமல் என்னிடம் பேசினார்; ஆயில் விஷயத்தில் முதலாளிகள் வாயைத் திறந்தால் நேரம் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"லாரி ஆயில் ரொம்பக் கட்டி. இந்த என்ஜினுக்கு ஆவாது. நடுத்தரமா ஒண்ணு தாரேன். வெயில் ஊருல்லா, ரொம்ப இளசாவும் போவப்புடாது."

"தோணிக்காரங்க சுறா எண்ணெய்தான் ஒசத்திங்கறாங்களே அண்ணாச்சி," என்றார் முதலாளி.

"அது தோணிப் பலகைக்குப் பூசுறது, மொதலாளி. இதுல ஊத்தினா ஊரு நாயெல்லாம் காருக்குப் பொறத்தால வரும்."

"எப்பம் எப்பம் மாத்தணும்? வெள்ளிக்கிழம ஜும்மாவுக்கு முந்தி மாத்திக்கிடலாமா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "சனிக்கிழம நல்லது மொதலாளி," என்றேன். "ஆம்பளைக்கு எண்ணெய்க் குளியல் சனிக்கிழமல்லா?"

அண்ணாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கார் ஆம்பளையா பொம்பளையான்னு மொதல்ல பாத்துட்டு வாங்க. பொம்பளைன்னா வெள்ளிக்கிழம. ஓடின தூரத்தப் பாத்து மாத்துங்கய்யா! ஓட்டம் நாளையா கேக்கும்?"

நல்ல கடைக்காரர். சரியான ஆயிலைத்தான் கொடுத்தார். அன்றைக்கு அவரும் எங்களோடு கிட்டங்கிக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாற்றுவதற்குக் காலை நேரமாகப் பார்த்துத் தொடங்கினோம். அதிலேயே முதல் பிழை. இரவு முழுவதும் நின்ற கார், என்ஜின் குளிர்ந்து கிடந்தது. அடியில் படுத்து, ஆயில் வடியும் துளையின் திருகைக் கழற்றியதும் விளக்கெண்ணெய் பாகு மாதிரி, வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்கியது. ஒழுகி ஒழுகி நூலானது. பிறகு சொட்டானது. நான் சட்டியைக் கழற்றுவதற்குக் கையை நீட்டினேன்.

"போதும், போதும்," என்றார் முதலாளி, மேலிருந்து குனிந்து. "அடைச்சிரு."

"இன்னும் உள்ள கெடக்கு மொதலாளி. கழுவணும்லா?"

"மண்ணெண்ணெய்க்கு எங்க போறது? ரேஷன்ல வாறது விளக்குக்கே காணல. அதோட, எண்ணெய்ப் பாத்திரத்த யாராச்சும் வழிச்சித் தொடச்சு வைப்பாங்களா? எங்க உம்மா சாடியில எப்பமும் அடியில கொஞ்சம் விட்டுத்தான் மேல ஊத்துவாங்க. சுத்தமா வழிச்சா பரக்கத்து போயிரும்."

இதைப் படிக்கிற நீங்கள் என்னைப் பார்த்து, நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். நான் செய்தது இதுதான்: 'ஆமா' என்றேன். ஆத்தூரில் என் அம்மாவும் அப்படித்தான். உப்புச் சாடி, அரிசிப் பானை, எண்ணெய்ச் செம்பு எதையும் காலியாகும்வரை விட மாட்டாள். அடியில் இருப்பதன் மேல்தான் புதியதைக் கொட்டுவாள். துடைத்து எடுத்தால் வீட்டு லட்சுமி எழுந்து போய்விடுவாளாம். முதலாளிக்குப் பரக்கத், எனக்கு லட்சுமி. ஆள் யாராக இருந்தாலும் பாத்திரத்தைத் துடைக்கக் கூடாது என்பதில் இரண்டு வீடும் ஒன்று. வெள்ளைக்காரர் விரலை உயர்த்திச் சொன்னது என் காதில் அப்போதும் இருந்தது. ஆனால் எங்கள் அம்மாவின் குரல் அதைவிடப் பெரியது.

திருகை மாட்டித் துளையை அடைத்தேன். பழைய விளக்கெண்ணெயின் மேல் புது ஆயிலை ஊற்றினேன். முதலாளி பக்கத்தில் நின்று ஏதோ ஓதினார்.

அடுத்த சில நாட்கள் காரை ஓட்டிப் பழகினேன். வாசனை போய்விட்டது, பிள்ளைகள் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். ஆயில் அழுத்தம் காட்டுகிற முள் மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து வந்தது. நானும் பார்த்தேன். பழைய கார்தானே, முள்ளுக்கும் வயசாகியிருக்கும் என்று அதற்கு ஆறுதல் சொன்னேன். கரி பஸ்ஸில் அப்படி ஒரு முள்ளே கிடையாது. இருந்திருந்தால் அது எப்போதோ தற்கொலை செய்துகொண்டிருக்கும்.

கப்பல் வந்தது. கப்பல் தூரத்தில் நிற்க, படகில் கரைக்கு வந்து இறங்கினார் காக்கா. வெள்ளைச் சட்டை, இடுப்பில் வெள்ளைச் சாரம், தலையில் உயரமான தொப்பி. தம்பியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்றையும் ஒரே மாதிரி பார்த்தார்.

"இது யாருது?"

"நம்மளுதான் காக்கா."

"ரெண்டு பேருதானே உக்கார முடியும்? நீ எங்க உக்காருவ?"

முதலாளி இதை யோசித்திருக்கவில்லை. இத்தனை நாளும் காருக்குள் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மூன்றாவது ஆள் வருவார் என்று இருவருக்கும் தெரியும், ஆனால் எங்கே உட்காருவார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் முதலாளி பெட்டி படுக்கைகளோடு ஒரு குதிரை வண்டியைப் பிடித்து முன்னால் போனார். கொழும்பு சாமான்களைச் சுங்கத்தில் காட்டி முடித்துவிட்டு காக்காவும் நானும் பின்னால் புறப்பட்டோம்.

பழையகாயல் வரைக்கும் அவர் தொப்பியை ஒரு கையால் பிடித்தபடி வந்தார். நான் உப்பளங்களை எண்ணுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு அவரைக் கடைக்கண்ணால் பார்த்தேன். நடுவில் குதிரை வண்டியைக் கடந்தோம். முதலாளி கை காட்டினார். காக்கா காட்டவில்லை. மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தார்.

"டிரைவரு, வாசனையக் காணுமே?"

"என்ன வாசனை, பெரிய மொதலாளி?"

"பந்தயக் கார்னா விளக்கெண்ணெய் வாசனை வருமே. கொழும்புல பந்தயம் பாக்கப் போனா அந்த வாசனைக்குத்தான் நான் வேலி ஓரமாப் போயி நிப்பேன். அது இல்லாத கார் என்ன கார்?"

ஸ்டியரிங்கை விட்டு என் கை நழுவியது. கார் ஓரத்து மணலைத் தொட்டுவிட்டு மறுபடியும் சாலைக்கு ஏறியது. யாருக்காக விளக்கெண்ணெயை வடித்தோமோ அவர் அந்த வாசனையைத் தேடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

"நீங்க வாறியன்னு... மாத்திட்டோம்," என்று குழறினேன்.

"எனக்காகவா மாத்துனீங்க?" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சரி, வாசனதான் இல்ல. வேகமாவது இருக்குதா பாப்போம். விரட்டு."

அவ்வளவு பெரிய அனுமதி எனக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. விரட்டினேன். அவர் தாடி இரண்டாகப் பிரிந்து காதுகளுக்குப் பின்னால் போயிற்று. சிரித்தார். காயல்பட்டினமே பயப்படுகிற மனிதர், பல் தெரியச் சிரித்தார். "இன்னும், இன்னும்!" என்றார். வேலை நிலைத்துவிட்டது என்று அந்தக் கணத்தில் முடிவு செய்தேன். போதாததற்கு ஆத்தூர் பாலம் வேறு எதிரே வந்தது. என் சொந்த ஊர். வெற்றிலைக் கட்டுகளைச் சுமந்துகொண்டு எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் பாலத்தில் வருகிற நேரம். நான் யார் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டாமா? மிதித்தேன். முள் படுத்துவிட்டிருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் மிதித்தேன்.

பாலத்தின் நடுவில் அது நடந்தது. முதலில் யாரோ இரும்புப் பெட்டிக்குள் சம்மட்டியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். நான் காலை எடுப்பதற்குள் படார் என்று ஒரு வெடி. கார் ஒரு குலுக்குக் குலுங்கிச் சறுக்கியபடி நின்றது. தாமிரபரணிக்கு மேல் பறந்த கொக்குகள்கூட ஒரு நொடி அப்படியே நின்றதாக எனக்கு நினைவு. கீழே கொதிக்கிற ஆயில் சாலையில் ஓடிற்று.

இறங்கிப் போய் பானெட்டின் பெல்ட்டை அவிழ்த்தேன். என்ஜினின் பக்கவாட்டில் இரும்பே பிளந்து ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக உள்ளே இருக்க வேண்டிய கனெக்டிங் ராடு, ஒடிந்த கை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எத்தனையோ கோளாறு பார்த்திருக்கிறேன். என்ஜின் தன் எலும்பைத் தானே வெளியே எறிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

வெற்றிலைக் கட்டுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். அதில் ஒருவர், என் மாமா முறை, கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சாவகாசமாகப் பார்த்தார்.

"ஏலே, கரி பஸ் புகை விட்டாலும் ஊரு வந்து சேருமேலே! இது என்னலே, கொடல வெளிய தள்ளிட்டு நிக்கி?"

காக்கா காரிலிருந்து இறங்கவே இல்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குதிரை வண்டி வந்து சேரும்வரை அப்படியே இருந்தார். முதலாளி வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து, ஓட்டையைப் பார்த்துவிட்டு, "அல்லாவே!" என்று தலையில் கை வைத்துப் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துவிட்டார்.

அப்போதுதான் காக்கா இறங்கினார். ஓட்டைக்குள் விரலை விட்டார். வெளியே எடுத்தபோது விரலில் ஒட்டியிருந்தது ஆயில் அல்ல. நோன்புக் காலத்தில் அவர்கள் வீட்டில் செய்கிற கடல்பாசி இனிப்பு மாதிரி ஆடிக்கொண்டிருந்த பழுப்புக் கட்டி. விளக்கெண்ணெயும் மண்ணுக்கடியில் எடுத்த ஆயிலும் சேர்ந்து உறைந்து, ஆயில் இழுக்கிற வாயை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. சொட்டு ஆயில் மேலே ஏறாமலே நான் அந்த என்ஜினை விரட்டியிருக்கிறேன்.

"ரெண்டையும் கலந்தீங்களா?" என்று கேட்டார்.

கரி பஸ்ஸின் அடுப்பு என் கண் முன்னால் எரிந்தது. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளி தம்பிக் குரலில் சொல்லிவிட்டார்.

"கலக்கல காக்கா. வடிச்சோம். அடியில மட்டும் கொஞ்சம் விட்டோம்."

"ஏன்?"

"பரக்கத்துக்கு."

என் மாமா தன் வெற்றிலைக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். காக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. விரலில் ஆடுகிற கட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு விட்டீங்க?"

"ஒரு... ரெண்டு படி இருக்கும்."

"ரெண்டு படியா!" என்று அவர் போட்ட சத்தத்தில் வண்டிக் குதிரை பின்வாங்கியது. "உம்மா உப்புச் சாடியில எவ்வளவுடா விடுவா?"

"ஒரு புடி காக்கா."

"அப்போ ஒரு புடிதானே விடணும்! பரக்கத்துன்னா அளவு கெடையாதா?"

நான் தலையை உயர்த்தினேன். காதில் விழுந்தது சரிதானா என்று நம்ப முடியவில்லை. அவர் எங்களைத் திட்டியது எண்ணெயை விட்டதற்காக அல்ல, அதிகமாக விட்டதற்காக.

விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே அவர் என் பக்கம் திரும்பினார். "பாலம் வரைக்கும் நல்லாத்தான் ஓட்டுன. வேற என்ஜினு கொழும்புலருந்து வரவழைக்கேன். அதுல விளக்கெண்ணெய்தான். வேற ஒண்ணும் கிட்ட வரப்புடாது. மாத்துற அன்னிக்கு நானும் கூட நிப்பேன்."

"அப்போ இவன்?" என்றார் முதலாளி.

"இவன் இல்லாம அதுக்கடியில யாரு படுப்பா? நீயா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அண்ணனும் தம்பியும் குதிரை வண்டியில் ஏறிப் போனார்கள். நானும் மாமாவும் இரண்டு மாடுகளைப் பூட்டி அந்தப் பந்தயக் காரை ஊருக்குள் இழுத்துப் போனோம். வழியெல்லாம் அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

வேறு என்ஜின் வந்து சேர மாதங்கள் ஆயின. முதல் முறை எண்ணெய் மாற்றுகிற நாளில் காரைப் போதுமான தூரம் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினேன். காக்கா சொன்னபடியே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அடியில் படுத்துத் திருகைக் கழற்றினேன். இந்தத் தடவை எண்ணெய் யோசிக்காமல் கொட்டிற்று. கடைசிச் சொட்டு வரைக்கும் வடியவிட்டு, சட்டியைக் கழற்றப் போனேன்.

"ஒரு புடி," என்றது மேலிருந்து காக்காவின் குரல்.

பழைய எண்ணெயில் ஒரு பிடி புது எண்ணெயோடு கலந்தால் இந்தத் தடவை ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒரே ஜாதி எண்ணெய்தான். ஆனாலும் இன்னொரு முறை அடியில் எதையும் விட்டுவைக்க என் உடம்பு இடம் கொடுக்கவில்லை. அடியில் படுத்தபடியே சொன்னேன்.

"பெரிய மொதலாளி, பரக்கத்து எண்ணெயிலதானே இருக்கு? என்ஜினுல இல்லியே. ஒரு புடிய டப்பாவுல எடுத்து வீட்டுல வச்சிருவோம். இங்கன துப்புரவா வழிச்சிருவோம்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு காருக்கடியில் என் முகத்துக்கு நேராக ஒரு கை வந்தது. கையில் ஒரு காலி டப்பா.

"நெறய ஊத்திராத," என்றார் காக்கா. "அளவா."